அடகுக்கு வந்த விசுவாசம்

2020 ஜூன் மாதம். கொரோனாவால் விமானங்கள் எல்லாம் தரையில் வரிசையாக நின்றுகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் யுனைட்டெட் ஏர்லைன்ஸுக்கு அவசரமாகக் காசு வேண்டும். விமான நிறுவனம் கடன் கேட்டுப் போனால் வழக்கமாக எதை அடகு வைக்கும்? விமானத்தை வைக்கும், எஞ்சினை வைக்கும். ஆனால் பறக்காத விமானத்தை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்? யுனைட்டெட் வேறொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தது. மைலேஜ் பிளஸ் என்ற அதன் வாடிக்கையாளர் திட்டம். அடிக்கடி பறக்கிறவர்களின் பட்டியல், அவர்கள் கணக்கில் சேர்ந்திருக்கும் மைல்கள், அந்த மைல்களை வங்கிகளுக்கு விற்கும் ஒப்பந்தங்கள், இவ்வளவுதான் அதில் இருப்பது. அதன்மேல் 680 கோடி டாலர் புரட்டினார்கள். செப்டம்பரில் டெல்டா தன் ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி டாலர் வாங்கியது. அடுத்த மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தை வைத்து 1,000 கோடி டாலர்.

யுனைட்டெட் தன் திட்டத்துக்குச் சொன்ன மதிப்பு 2,000 கோடி டாலருக்கும் மேல். அன்றைக்குப் பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்துக்கே அதில் கிட்டத்தட்ட பாதி மதிப்புதான். மைலேஜ் பிளஸும் அந்த நிறுவனத்துக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கணக்குப்படி பார்த்தால், விமானம் ஓட்டும் வேலைக்கு மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. வாடிக்கையாளரின் விசுவாசத்துக்குத்தான் விலை.

தமிழில் 'வாடிக்கை' என்ற சொல் பழக்கத்தைத்தான் குறிக்கிறது. வாடிக்கையா வர்றவர் என்றால் வழக்கமாக வருகிறவர். இங்கிலீஷ் கஸ்டமரும் அப்படித்தான். கஸ்டம் என்றால் பழக்கம். இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லுக்குள் அன்பும் கிடையாது, நன்றியும் கிடையாது. பக்கத்தில் இருக்கிறது, பழகிவிட்டது, போகிறோம். 'விசுவாசம்' வேறு ரகம். அதை நாம் நாய்க்குச் சொல்வோம், பழைய வேலையாளுக்குச் சொல்வோம், தேவாலயத்தில் சொல்வோம். வாடிக்கை எப்போது விசுவாசம் என்று பெயர் மாற்றிக்கொண்டது? வாடிக்கையாளர் உறவு மேலாண்மை என்று இன்று எம்பிஏ வகுப்பில் சொல்லித்தருகிற துறையின் வரலாறு அந்தப் பெயர் மாற்றத்தின் வரலாறுதான் என்று எனக்குத் தோன்றும்.

சின்னக் கடைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. சில நூறு முகங்களை ஒரு மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் கடைக்காரரின் தலைக்குள் இருந்தது. தொழில் பெரிதானபோது முதலில் போனது இந்த ஞாபகம்தான். லட்சக்கணக்கான பேரை ஏற்றி இறக்கும் விமான நிறுவனத்தில் ஜன்னலோர இருக்கையில் இருப்பவர் போன வாரமும் வந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் டிக்கெட் பதிவு செய்த விதத்தைப் பாருங்கள். சுழலும் அடுக்கு ஒன்றைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை. போன் வந்ததும் அடுக்கைச் சுழற்றி, அட்டையை உருவி, இடம் இருந்தால் குறி போட்டுத் திரும்பச் செருக வேண்டும். ஒரு பதிவு முழுதாக முடியச் சராசரியாக ஒன்றரை மணி நேரம். மேஜையைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாது என்பதால் தொழிலும் அதற்கு மேல் வளர முடியாது என்ற நிலைமை.

1953இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் இரண்டு ஸ்மித்துகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தது. ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித். இன்னொருவர் ஐபிஎம்மின் விற்பனையாளர் பிளேர் ஸ்மித். ஐபிஎம் அப்போது அமெரிக்க விமானப் படைக்காக சேஜ் என்ற வான் பாதுகாப்புக் கணினி வலையில் வேலை செய்துகொண்டிருந்தது. எதிரி குண்டுவீச்சு விமானம் எங்கே வருகிறது என்று நாடு முழுக்கவிருந்து வரும் ரேடார் தகவலை ஒரே இடத்தில் சேர்க்கும் யந்திரம். காலி இருக்கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட அதே கணக்குதானே? அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் சேபர். 1960இல் முதல் பதிப்பு ஓடத் தொடங்கியது. அறுபதுகளின் நடுவில் நிறுவனத்தின் மொத்தப் பதிவும் அதன் கைக்கு வந்துவிட்டது.

சேபருக்குப் பயணியின் பெயர் தெரியும், போன் நம்பர் தெரியும். ஆனாலும் அது பயணியைப் பற்றிய யந்திரமாக இருக்கவில்லை, இருக்கையைப் பற்றிய யந்திரமாக இருந்தது. விமானம் கிளம்பியதும் அந்தப் பெயரால் யாருக்கும் பயனில்லை. சுமார் இருபது வருடம் அப்படியே ஓடியது.

காரணம் எளிது. விசுவாசம் தேவைப்படவில்லை. 1938 முதல் அமெரிக்காவில் எந்த விமானம் எந்த ஊருக்குப் போகலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசின் வாரியம் ஒன்று முடிவு செய்துகொண்டிருந்தது. விலையில் போட்டி போட முடியாது. அதனால் சாப்பாட்டில் போட்டி, சீருடையில் போட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கன் தன் ஜம்போ விமானத்துக்குள் பியானோ பார் வைத்தது! சாதாரண வகுப்புக்காரர்களும் வானத்தில் பியானோ வாசித்துக்கொண்டு போகலாம். இன்று முழங்காலை மடக்கக்கூட இடமில்லாமல் பறக்கிறவர்களுக்கு இது கேலியாகத் தெரியலாம்.

1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். புது நிறுவனங்கள் வந்தன, கட்டணம் சரிந்தது. பத்து டாலர் குறைவென்றால் பயணி அடுத்த கவுன்டருக்கு நகர்ந்துவிடுவார். ஓர் இருக்கைக்கும் இன்னோர் இருக்கைக்கும் என்ன வித்தியாசம்? அப்போதுதான் அமெரிக்கனின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டலின் ஆட்கள் சேபரின் பக்கம் திரும்பினார்கள். கேள்வி புதியது: திரும்பத் திரும்ப வருகிற போன் நம்பர்கள் எவை?

இந்தக் கேள்விதான் திருப்புமுனை என்பேன். பெயரைத் தட்டச்சு செய்வதில் எழுத்து மாறலாம். போன் நம்பர் மாறாது. ஒரே நம்பர் வருடத்துக்கு நாற்பது முறை வந்தால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். இப்படி லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை யந்திரத்துக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். விமான நிலைய ஓய்வறைச் சங்கமான அட்மிரல்ஸ் கிளப்பின் உறுப்பினர்களையும் அதோடு சேர்த்தார்கள். 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் திட்டம் தொடங்கியது. பறந்த மைல்கள் கணக்கில் ஏறும், போதுமான அளவு சேர்ந்தால் இலவசமாகப் பறக்கலாம். அதே வாரத்திலேயே யுனைட்டெட் தன் திட்டத்தை அறிவித்துவிட்டது. வருடம் முடிவதற்குள் டெல்டாவும் டிடபிள்யூஏவும் வந்தன.

பரிசு காட்டி இழுப்பது அப்போது ஒன்றும் புதிதில்லை. ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற நிறுவனம் 1896இலிருந்தே பச்சை ஸ்டாம்பு கொடுத்துக்கொண்டிருந்தது. மளிகை வாங்கினால் ஸ்டாம்பு, புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் டோஸ்டரோ விளக்கோ கிடைக்கும். ஆனால் ஸ்டாம்புக்குக் கண் கிடையாது. ஒட்டியது யார், எப்போது, எதை வாங்கி என்று அதற்குத் தெரியாது. மைலுக்கு எல்லாம் தெரியும். பரிசு என்பது அங்கே கூலி மாதிரி. வாடிக்கையாளர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு நிறுவனம் கொடுக்கிற கூலி.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு, பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடிக்கடி பறக்கிறவர் யார்? தொழில்முறைப் பயணி. டிக்கெட் யார் காசு? கம்பெனி காசு. மைல் யார் கணக்கில் ஏறும்? பயணியின் சொந்தக் கணக்கில். கம்பெனிக்கு நூறு டாலர் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, நம்ம மைல் சேரட்டும் என்று அவர் நினைப்பார். குடும்பத்தோடு ஹவாய் போவார். முதலாளி காசில் விசுவாசம் வாங்கும் ஏற்பாடு இது. அமெரிக்க அரசுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. அரசு ஊழியர்கள் அலுவலகப் பயணத்தில் சேர்த்த மைலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள 2001 கடைசியில்தான் சட்டம் அனுமதித்தது. இந்த மைலுக்கு வருமான வரி உண்டா என்ற கேள்வியை வரித்துறை 2002இல் ஓர் அறிவிப்போடு ஓரம் தள்ளிவிட்டது: பிடித்துப் பார்க்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

1987இல் அமெரிக்கனும் சிட்டி பேங்கும் சேர்ந்து கிரெடிட் கார்டு கொண்டுவந்தன. இனி பறக்காமலே மைல் சேர்க்கலாம். பெட்ரோல் போட்டால் மைல், சாப்பிட்டால் மைல். வங்கி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்க விமான நிறுவனத்திடமிருந்து மைலைக் காசு கொடுத்து வாங்கும். விமான நிறுவனம் இப்போது இரண்டு பொருள் விற்கிறது. ஒன்று இருக்கை. அதற்கு எரிபொருள் வேண்டும், விமானி வேண்டும், மழை பெய்தால் நஷ்டம். இன்னொன்று மைல். அதைக் கணினியில் உண்டாக்கலாம், அதன் விலையை எப்போது வேண்டுமானாலும் தானே மாற்றிக்கொள்ளலாம். எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்வி உலகம் பின்னாலிருந்து ஓடி வந்தது. 1983இல் லியோனார்ட் பெரி 'உறவுச் சந்தைப்படுத்தல்' என்ற சொல்லைக் கொடுத்தார். 1990இல் ஃபிரெடரிக் ரெய்க்ஹெல்டும் ஏர்ல் சாஸரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கணக்குப் போட்டார்கள்: வாடிக்கையாளர்களில் இன்னும் 5 சதவீதம் பேரைக் கூடுதலாகத் தக்கவைத்தால் லாபம் 25 முதல் 85 சதவீதம் வரை கூடும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மென்பொருள் தொழிலே எழுந்தது. 1993இல் டாம் சீபல் தொடங்கிய சீபல் சிஸ்டம்ஸ் அதில் பெரிய தலை. வங்கி, தொலைபேசி, காப்பீடு என்று எல்லாரும் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கினார்கள். அந்த 5 சதவீதக் கணக்கைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 2002இல் வெர்னர் ரெய்னார்ட்ஸும் வி. குமாரும் நிறுவனங்களின் உண்மைக் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்து, விசுவாசத்துக்கும் லாபத்துக்கும் இடையிலான தொடர்பு பலவீனம் என்றார்கள். பழைய வாடிக்கையாளர் செலவு குறைந்தவரும் இல்லை, விலை கொடுக்கத் தயங்காதவரும் இல்லை. சொல்லப்போனால் அவர்தான் தள்ளுபடியை உரிமையோடு கேட்கிறார். நம்ம ஊர்த் துணிக்கடையில் இருபது வருடமாக எடுக்கிற அம்மா கல்லாவில் நின்று பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

எனக்குப் பிடித்தது 1995இல் தாமஸ் ஜோன்ஸும் அதே சாஸரும் எழுதிய கட்டுரை. பொய் விசுவாசம் என்ற ஒன்றை அவர்கள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். வேறு வழி இல்லாததால் தங்கியிருப்பவர், மாறினால் நஷ்டம் என்பதால் தங்கியிருப்பவர், சேர்த்த புள்ளிகள் போய்விடும் என்பதால் தங்கியிருப்பவர். கணக்கேட்டில் இவர்கள் எல்லாரும் விசுவாசிகள். கதவு திறந்தால் ஓடிப்போவார்கள். யந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது எண்ணுவது வருகையை மட்டும்.

உண்மையான விசுவாசம் வந்தால் நிறுவனம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அதே 1981இல் அமெரிக்கன் ஏஏர்பாஸ் என்று ஒன்றை விற்றது. இரண்டரை லட்சம் டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் பறக்கலாம். சிலர் நிஜமாகவே பறந்தார்கள், ஆயிரக்கணக்கான முறை. அதில் இரண்டு பேரின் பாஸை 2008இல் நிறுவனம் ரத்து செய்தது. விதிமீறல் என்றது நிறுவனம், அவர்கள் மறுத்தார்கள், விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. சரி தவறு எப்படியோ, மிக அதிகமாக வந்த வாடிக்கையாளர்தான் அங்கே மிகப் பெரிய செலவாகத் தெரிந்தார்.

இந்த வரலாற்றில் என்னைத் தொந்தரவு பண்ணும் அத்தியாயம் சூதாட்ட விடுதியில் நடக்கிறது. கேரி லவ்மன் ஹார்வர்டில் சேவை மேலாண்மை சொல்லித்தந்த பேராசிரியர். 1994இல் சாஸர், ஜோன்ஸ் கூட்டத்தோடு சேர்ந்து, நல்ல ஊழியர் நல்ல சேவை, நல்ல சேவை விசுவாசம், விசுவாசம் லாபம் என்ற புகழ்பெற்ற சங்கிலியை எழுதியவர்களில் ஒருவர். 1998இல் ஹாரா'ஸ் என்ற கேசினோ நிறுவனத்துக்கு விடுப்பில் போனவர் திரும்பி வரவில்லை. 2003இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

மற்ற கேசினோக்கள் நீரூற்றும் எரிமலையும் கட்டிக்கொண்டிருந்தபோது ஹாரா'ஸ் அட்டையை நம்பியது. ஸ்லாட் யந்திரத்தில் அட்டையைச் செருகிவிட்டு ஆட வேண்டும். எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகம், எத்தனை காசு என்று ஒவ்வொரு அழுத்தமும் பதிவாகும். தோண்டிப் பார்த்தபோது 26 சதவீதம் பேர் 82 சதவீத வருமானத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கார் அனுப்பிக் கூட்டிவர வேண்டிய பெரும் பணக்காரர்கள் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து போகிற நடுவயதுக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியர்கள், பட்டறைத் தொழிலாளிகள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று சோதனையும் செய்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்ஸன் ஊரில் ஒரு குழுவுக்கு அறை, ஸ்டேக் சாப்பாடு, சில்லுகள் என்று 125 டாலர் பொட்டலம். இன்னொரு குழுவுக்கு வெறும் 60 டாலர் சில்லு. இரண்டாவது குழுதான் அதிகம் ஆடியது. அவர்களுக்கு ஆட்டம்தான் வேண்டும், சாப்பாடு இல்லை.

அதோடு நிற்கவில்லை. இயன் ஏயர்ஸ் 2007இல் வெளியான 'சூப்பர் கிரஞ்சர்ஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒருவரின் வயது, வசிக்கும் பகுதி, பழைய ஆட்டம் எல்லாவற்றையும் வைத்து, எவ்வளவு இழந்தால் வெறுத்துப்போய் திரும்ப வரமாட்டார் என்று கணக்குப் போடுவார்கள். ஆடுகிறவர் அந்த எல்லையை நெருங்கும்போது ஓர் ஊழியர் சிரித்துக்கொண்டே வருவார். இன்னைக்கு உங்களுக்கு நேரம் சரியில்லை போல, வாங்க, எங்க செலவுல சாப்பிடுங்க. கேட்கிறவருக்கு அது கரிசனமாகத்தான் இருந்திருக்கும். ஒருவேளை அந்த ஊழியருக்கும்கூட. ஆனால் வலி எங்கே தொடங்கும் என்று இவ்வளவு நுட்பமாகத் தெரிந்த ஒரு நிறுவனம் அந்த அறிவை ஒரே காரியத்துக்குத்தான் வைத்திருந்தது: நாளைக்கும் அவர் வர வேண்டும். மானுடவியலாளர் நடாஷா ஷூல் லாஸ் வேகாஸில் பல வருடம் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட நூலில் இந்த ஆட்ட யந்திரங்களுக்கு அடிமையானவர்களின் வாழ்க்கை இருக்கிறது. அந்தப் பக்கங்களிலிருந்து திரும்பி வந்து 'வாடிக்கையாளர் தக்கவைப்பு' என்ற சொல்லைப் படிக்கும்போது கொஞ்சம் குமட்டும்.

ஞாபகம் எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிடவும் முடியாது. ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஊழியர்கள் சட்டைப் பைக்குள் சின்னக் குறிப்பேடு வைத்திருப்பார்கள். விருந்தினர் கூடுதல் தலையணை கேட்டாரா, வேர்க்கடலை ஆகாதா என்று எழுதிக் கொடுத்தால் கணினியில் ஏறும். அடுத்த முறை வேறு ஊர் ஓட்டலில் இறங்கினாலும் தலையணை தயாராக இருக்கும். அறை துடைப்பவர்கூட மேலதிகாரியைக் கேட்காமல் ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை செலவு பண்ணி அவர் குறையைத் தீர்க்கலாம் என்ற விதியும் அங்கே புகழ்பெற்றது. நேரில் பார்க்கிற ஆள்தான் அங்கே குறிப்பு எழுதுகிறார், அதன்மேல் முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் வளர்வதை விசுவாசம் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அதற்கான அறை வாடகையை நம்மில் எத்தனை பேர் கொடுக்க முடியும் என்பது வேறு கதை.

ஹாரா'ஸ் வளர்ந்து சீஸர்ஸ் ஆனது. 2008இல் முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி அதைக் கைப்பற்றின. கடன் கழுத்தை நெரித்து, 2015 ஜனவரியில் அதன் முக்கியப் பிரிவு திவாலானது. கடன் கொடுத்தவர்கள் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது பெரிய சண்டை கட்டடங்களுக்காக நடக்கவில்லை. நாலரைக் கோடி பேரின் ஆட்டப் பழக்கம் அடங்கிய டோட்டல் ரிவார்ட்ஸ் திட்டம் யாருக்கு என்பதில்தான். 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பு போட்டார்கள். லாஸ் வேகாஸின் தனித்தனி விடுதிகளைவிட அதற்கு விலை அதிகம்.

அதே 2015இல் டெல்டாவும் யுனைட்டெட்டும் மைல் கணக்கை மாற்றின. அடுத்த வருடம் அமெரிக்கனும். இனி பறந்த தூரத்துக்கு மைல் இல்லை, கட்டிய காசுக்குத்தான் மைல். மலிவு டிக்கெட்டில் மாதாமாதம் போய்வந்தவருக்கும் கடைசி நிமிஷத்தில் விலையுயர்ந்த டிக்கெட் எடுத்தவருக்கும் இடையே அதுவரை இருந்த சமத்துவம் போயிற்று. 1981இல் கேட்ட கேள்வி, யார் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது. இப்போது கேட்பது, யார் அதிகம் கொடுக்கிறார் என்பது. திட்டத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸின் ஜெட் பிரிவிலேஜ் அட்டை ஒரு காலத்தில் சூட்கேஸில் தொங்கும் அந்தஸ்து. பின்னாளில் அந்தத் திட்டத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள், அதில் 50.1 சதவீதத்தை அபுதாபியின் எத்திஹாட் 15 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட்டின் கடைசி விமானம் அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்தது. பல மாதச் சம்பளம் பாக்கியோடு ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். புள்ளித் திட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. உறுப்பினர்கள் சேர்த்திருந்த மைலை வைத்து அப்போது வேறு விமானத்தில் போக முடிந்தது, ஓட்டலில் தங்க முடிந்தது, பொருள் வாங்க முடிந்தது. ஜெட் ஏர்வேஸில் மட்டும் டிக்கெட் எடுக்க முடியவில்லை.